சேற்றில் பிறந்த வண்டி: டாங்கி பிரிகேட் என்றால் என்ன?

போன தையில் எங்கள் வடக்கு வயலில் இறங்கிய செயின் வண்டி (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) பாதி அறுவடையில் புதைந்துபோனது. பொங்கலுக்கு முன்னால் பெய்த மழை இன்னும் வடிந்திருக்கவில்லை. டயர் வண்டி இறங்காது என்றுதான் மணிக்குக் கூடுதல் வாடகை பேசிச் செயின் வண்டியைச் சொல்லியிருந்தோம். அதுவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த டிரைவர் பதறவில்லை. இறங்கிப் பார்த்தார், போனை எடுத்தார். இரண்டு வாய்க்கால் தள்ளி அறுத்துக்கொண்டிருந்த அவர்களுடைய இன்னொரு வண்டி வந்தது. பின்னாலேயே பைக்கில் மெக்கானிக், டிராக்டரில் இரும்புக் கயிறு, டீசல் கேன், நாலு பனங்கட்டை. முக்கால் மணி நேரத்தில் வண்டி மேட்டில் நின்றது.

வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த அக்கா மகன் ஆர்மி ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறவன். விடிகாலையில் பாமணியாற்றங்கரையில் ஓடுகிறான். "மாமா, டாங்கி இப்படி மாட்டுனா யாரு இழுப்பாங்க?" என்றான். கையோடு இன்னொன்றும் கேட்டான்: "புத்தகத்துல ட்ரூப்பு, ஸ்குவாட்ரன், ரெஜிமென்ட், பிரிகேடுன்னு வரிசையாப் போட்டிருக்கு. ஒண்ணும் மண்டையில ஏறல."

"ரெண்டும் ஒரே கேள்விதான் மாப்ள" என்றேன். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, போர் வரலாற்றைப் படிக்கிற பழக்கம் உள்ளவன். அவனுக்கு வரப்பில் உட்கார்ந்து சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

செயின் வண்டியிலிருந்தே தொடங்கலாம். டாங்கிக்கும் அதற்கும் தூரத்து உறவு கிடையாது, நேரடிப் பங்காளி உறவு. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரைச் சுற்றி நம்முடையதைப் போலவே ஓர் ஆற்று டெல்டா இருக்கிறது. நல்ல விளைச்சல் நிலம், ஆனால் பஞ்சு மாதிரி அமுங்கும் மண். நீராவி டிராக்டர்கள் அதில் இறங்கினால் அச்சு வரை புதையும். சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள், கட்டுபடியாகவில்லை. 1904-ல் பெஞ்சமின் ஹோல்ட் என்ற உற்பத்தியாளர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மரப்பலகைகள் கோத்த சங்கிலிப் பட்டையை மாட்டினார். வண்டி தனக்கு வேண்டிய பாதையைத் தானே விரித்துக்கொண்டு போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் கனரகப் பீரங்கிகளை இழுக்க ஹோல்ட் டிராக்டர்களை வாங்கியது. பதுங்கு குழியும் முள்கம்பியும் இயந்திரத் துப்பாக்கியுமாகப் போர் நகராமல் நின்றுவிட்ட சமயத்தில், இந்தச் செயினின் மேல் இரும்புக் கவசம் போட்டால் என்ன என்று யோசித்தவர்களில் எர்னஸ்ட் ஸ்விண்டன் என்ற அதிகாரி முக்கியமானவர். செய்து கொடுத்ததும் லிங்கன் நகரத்தில் விவசாய இயந்திரம் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிதான்.

பெயர்க் கதை வேடிக்கையானது. ரகசியம் காக்க, மெசபடோமியாவுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டிகள் என்று சொல்லி வேலை வாங்கினார்கள். தொட்டி, அதாவது டேங்க். நம்மூர் ஏரி குளங்களை வெள்ளைக்காரன் வருவாய்க் கணக்கில் எழுதிய அதே சொல். தமிழில் டாங்கி என்றாகி நிலைத்துவிட்டது.

செயின் ஏன் புதைவதில்லை என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நம் ராணுவத்தில் இருக்கும் டி-72 டாங்கி சுமார் 41 டன். ஒரு பட்டை 58 செ.மீ. அகலம், தரையில் படியும் நீளம் சுமார் 428 செ.மீ. இரண்டு பட்டைக்கும் சேர்த்து ஏறக்குறைய 49,600 சதுர செ.மீ. எடையை இதால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 0.83 கிலோ. கார் டயரில் காற்று 30 வைக்கச் சொல்கிறோமே, அது சதுர செ.மீ.க்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அவ்வளவு. ஆக, 41 டன் டாங்கி ஒரு சின்னக் காரை விடப் பாதிக்கும் குறைவாகத்தான் மண்ணை அழுத்துகிறது. ஆனாலும் சம்பா வயலின் களிக்கு 0.83 கூட அதிகம்தான். அதனால்தான் டாங்கியும் மாட்டும்.

முதல் நாளே மாட்டியது. 1916 செப்டம்பர் 15, பிரான்சில் சோம் போர்முனை. கைவசம் இருந்த 49 டாங்கிகளில் 32 மட்டுமே புறப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 28 டன். உள்ளே எட்டுப் பேர். அதில் நாலு பேர் ஓட்டுவதற்கு மட்டுமே. மனிதன் நடக்கிற வேகம். எதிரி மிரண்டதென்னவோ உண்மை, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரித்து அனுப்பியதால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு 1917 நவம்பர் 20, பிரான்சின் காம்ப்ரே. இங்கேதான் நம் தலைப்புக்குள் வருகிறோம். ஒன்பது பட்டாலியன்களை, அதாவது ஒன்பது தனித்தனிப் படை யூனிட்களை, மும்மூன்றாகக் கட்டி மூன்று டாங்கி பிரிகேட்கள். மொத்தம் 476 வண்டிகள். அதில் சண்டை போடாதவையும் ஏராளம்: சாமான் இழுப்பவை, முள்கம்பியைக் கொக்கி போட்டு இழுத்து வழி விடுபவை, வயர்லெஸ் சுமப்பவை. சண்டை போடும் டாங்கிகளின் தலையில் ஒன்றரை டன் சுள்ளிக் கட்டு. அகலமான பதுங்கு குழி வந்தால் கட்டை உள்ளே தள்ளி, அதன்மேல் ஏறிக் கடப்பார்கள். ஆற்றில் உடைப்பு எடுத்தால் முள்ளும் தழையும் கட்டி அமுக்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காம்ப்ரேயின் முதல் நாள் கணக்கு ஒன்றுதான் எனக்கு இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்தது. அன்று மாலைக்குள் செயலிழந்தவை 179 டாங்கிகள். எதிரி அடித்தது 65. இயந்திரப் பழுது 71. பள்ளத்தில் இறங்கி மாட்டியவை 43. பழுதும் சேறும் சேர்ந்து 114 வண்டிகளைத் தின்றிருக்கின்றன, எதிரியை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு! டாங்கிப் படையை அமைப்பவன் முதலில் யோசிக்க வேண்டியது மெக்கானிக்கையும் கயிற்றையும்தான் என்பது அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்ததைப் பலர் பல தடவை மறந்தார்கள் என்பதுதான் அடுத்த நூறு வருடக் கதை.

இப்போது மருமகனின் படிக்கட்டுக்கு வருவோம். இந்திய ராணுவக் கணக்கில் சொல்கிறேன். ஒரு டாங்கிக்குள் டி-72, டி-90 என்றால் மூன்று பேர்: கமாண்டர், சுடுபவர், ஓட்டுபவர். குண்டை இயந்திரமே ஏற்றிக்கொள்ளும். நம் அர்ஜுன் டாங்கியில் குண்டு ஏற்ற ஓர் ஆள் கூடுதல், ஆக நாலு பேர். மூன்று டாங்கி ஒரு ட்ரூப். நாலு ட்ரூப்பும் தலைமைக்கு இரண்டு டாங்கியும் சேர்ந்து 14, அது ஒரு ஸ்குவாட்ரன். மேஜர் ஒருவர் பொறுப்பு. மூன்று ஸ்குவாட்ரனும் தலைமையகத்தின் மூன்று டாங்கியும் சேர்ந்து 45, இது ஒரு ரெஜிமென்ட், கர்னல் பொறுப்பு. பொதுவாக மூன்று ரெஜிமென்ட்டும் அவற்றோடு மற்ற பிரிவுகளும் சேர்ந்தால் ஒரு பிரிகேட்; பொறுப்பு பிரிகேடியர். டாங்கி மட்டும் 135.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 2021-ல் 118 அர்ஜுன் டாங்கிக்கு ஆர்டர் போனபோது அது இரண்டு ரெஜிமென்ட்டுக்கானது என்று செய்தி வந்தது. நாற்பத்தைந்தை இரண்டால் பெருக்கினால் தொண்ணூறுதானே என்று மருமகன் உடனே பிடித்துக்கொண்டான். மிச்சம் பயிற்சிக்கும், பழுதானால் மாற்றிக் கொடுப்பதற்கும். விதைநெல்லை நாற்றங்காலுக்கு மட்டும் கணக்குப் பண்ணி யாராவது எடுப்பார்களா?

ரெஜிமென்ட் என்ற சொல்லில் நம் பையன்கள் தடுக்கி விழுவார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனில் மையம் வைத்த, பல பட்டாலியன்கள் கொண்ட ஒரு பெரிய குடும்பம். டாங்கிப் படையில் அப்படி இல்லை. இங்கே ரெஜிமென்ட் என்பது ஒரே ஒரு யூனிட்; காலாட்படையின் ஒரு பட்டாலியனுக்குச் சமம். இந்த வழக்கம் குதிரைப்படையிலிருந்து வந்தது. ஸ்குவாட்ரன், ட்ரூப் எல்லாம் குதிரைக்காரர்களின் சொற்கள். சிப்பாய்க்கு இன்றும் அங்கே சவார் என்றுதான் பெயர், நம் குதிரைச் சவாரியில் வருகிற சவார்தான். சுபேதார் இருக்க வேண்டிய இடத்தில் ரிசால்தார் இருப்பார். 1938-ல்தான் இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட்கள் குதிரையை விட்டு இயந்திரத்துக்கு மாறத் தொடங்கின. 16 லைட் கேவல்ரி என்ற டாங்கி ரெஜிமென்ட் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபின் பகுதியில் உருவான குதிரைப்படை. அதன் போர் விருதுகளில் ஒன்று சோளிங்கர், 1781.

அதற்கு அடுத்த பிப்ரவரியில், 1782-ல், நம் கொள்ளிடக் கரையிலேயே ஒன்று நடந்தது. பிரெய்த்வெயிட் என்ற ஆங்கிலேயக் கர்னல் சுமார் 2,000 பேரோடு முகாமிட்டிருந்தார். நடுவில் இத்தனை ஆறு இருக்கிறதே, யார் வரப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. மாசி மாதத்து ஆறு எப்படி இருக்கும் என்று உள்ளூரில் யாரையாவது கேட்டிருக்கலாம். திப்பு சுல்தானின் பெருங்குதிரைப்படை வந்து சுற்றி வளைத்தது. மூன்று நாளில் சரணடைந்தார்கள். வேகமாகப் போய்ச் சுற்றி வளைப்பது, எதிரி எதிர்பார்க்காத பக்கம் முளைப்பது. குதிரை செய்த அந்த வேலையைத்தான் இன்று டாங்கி பிரிகேடிடம் எதிர்பார்க்கிறார்கள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் டாங்கிப் படையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். பிரிட்டனில் நிரந்தரமான டாங்கி பிரிகேட் மறுபடி உருவானது 1934-ல். மேட்டூர் அணை திறந்த அதே வருடம். தலைமை பெர்சி ஹோபார்ட். வயர்லெஸ் வழியாகப் பேசியே நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளை நகர்த்தலாம் என்று பழக்கிக் காட்டினார்கள். ஹோபார்ட்டின் பிடிவாதம் மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை, வீட்டுக்கு அனுப்பினார்கள். 1940-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்த மேஜர் ஜெனரல் தன் ஊர்க்காவல் படையில் லான்ஸ் கார்ப்பரலாக நின்றுகொண்டிருந்தார். சர்ச்சில் திரும்ப அழைத்தார். 1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் பாலம் போடும் டாங்கி, கண்ணிவெடியைச் சங்கிலியால் அடித்து வெடிக்க வைக்கும் டாங்கி என்று விநோத வண்டிகளை இறக்கியது அவருடைய டிவிஷன்தான் (டிவிஷன் என்பது பல பிரிகேட்கள் சேர்ந்த பெரிய படை).

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் டாங்கி பிரிகேட், கவசப் பிரிகேட் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். டாங்கி பிரிகேடுக்கு மட்டில்டா, சர்ச்சில் போன்ற தடித்த கவசம் கொண்ட, மெதுவான வண்டிகள். காலாட்படையோடு கூடவே நடப்பது வேலை. கவசப் பிரிகேடுக்கு வேகமான, மெல்லிய வண்டிகள்; குதிரை மாதிரி ஓடுவது வேலை. உழவுக்கு ஒரு மாடு, ரேக்ளாவுக்கு ஒரு மாடு என்று இரண்டு ஜோடி வைத்திருந்த கதை. இரண்டையும் ஒரே வண்டியே செய்யும் என்று செஞ்சுரியன் டாங்கி காட்டிய பிறகு அந்தப் பிரிவினைக்குப் பொருளில்லாமல் போனது.

இன்னொரு மாற்றம் இதைவிட முக்கியம் என்பது என் கட்சி. 1935-ல் ஜெர்மனி அமைத்த முதல் மூன்று பான்சர் (டாங்கி) டிவிஷன்களில் டாங்கி அதிகம், காலாட்படை குறைவு. போருக்குள் இறங்கிய பிறகு ஜெர்மானியர் டிவிஷனுக்குள் டாங்கிகளைக் குறைத்துக் காலாட்படையின் பங்கைக் கூட்டினார்கள். 1942-ல் பிரிட்டனும் தன் கவச டிவிஷனில் இரண்டு கவசப் பிரிகேடில் ஒன்றை எடுத்துவிட்டுக் காலாட்படை பிரிகேடைச் சேர்த்தது. டாங்கிக்குப் பக்கவாட்டில் கண் குறைவு. வைக்கோல் போருக்குப் பின்னால் ஒருவன் ஏவுகருவியோடு உட்கார்ந்திருந்தால் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. கூட இறங்கி நடக்கிற ஜவானுக்குத்தான் தெரியும். 1967-ல் டாங்கியைப் பெரிதும் நம்பி ஜெயித்த இஸ்ரேல், 1973 அக்டோபரில் சினாயில் காலாட்படை இல்லாமல் டாங்கிகளை அனுப்பி, எகிப்தியர்களின் ஏவுகணைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

நம் பக்கத்தில் இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் அசல் உத்தர். பஞ்சாபின் கேம்கரண் அருகே, 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை. பாகிஸ்தானின் ஒன்றாவது கவச டிவிஷன் அமெரிக்கப் பாட்டன் டாங்கிகளோடு வருகிறது. எதிரே நம் 4-வது மலை டிவிஷன், கூடவே 2-வது தனிக் கவசப் பிரிகேட். பிரிகேடியர் பெயர் தாமஸ் தியாகராஜ். பெயரைக் கேட்டதும் திருவாரூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கையில் இருந்தவை மூன்று ரெஜிமென்ட், மூன்றும் மூன்று விதம்: 3 கேவல்ரியிடம் 50 டன் செஞ்சுரியன், டெக்கான் ஹார்ஸிடம் இரண்டாம் போர்க் காலத்துப் பழைய ஷெர்மன், 8 லைட் கேவல்ரியிடம் 15 டன் ஏஎம்எக்ஸ். மூன்றுக்கும் குண்டு வேறு, உதிரிபாகம் வேறு. பிரிகேடின் சாமான் பொறுப்பாளருக்கு அன்று தூக்கம் இருந்திருக்காது.

நிலம் முழுக்கக் கரும்பு. நம் டாங்கிகள் குதிரை லாட வடிவில் கரும்புக்குள் மறைந்து நின்றன. கால்வாயை வெட்டிவிட்டு வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். எந்த விவசாயிக்கும் தெரியும், பார்க்கப் பச்சையாகத் தெரிகிற பாய்ச்சிய வயலில் இரும்பை இறக்கினால் என்ன ஆகும் என்று. பாட்டன்கள் ஊர்ந்தன, மாட்டின, திரும்பப் பார்த்தபோது விலாவைக் காட்டின. கூட ஒட்டி வர வேண்டிய காலாட்படை ஒட்டி வரவில்லை. ஜீப்பில் ஏற்றிய பீரங்கியால் டாங்கிகளை அடித்துக்கொண்டே உயிர் விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது இங்கேதான். பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் நூற்றை ஒட்டி. பிடிபட்டவற்றை நிறுத்தி வைத்த இடத்துக்குப் பாட்டன் நகர் என்றே பெயர் வந்தது.

டெக்கான் ஹார்ஸைக் கொஞ்சம் பின்தொடர்ந்தால் பிரிகேடின் இயல்பு விளங்கும். 1945 மார்ச்சில் பர்மாவின் மெய்க்டிலாவைப் பிடித்தபோது அது 255-வது இந்திய டாங்கி பிரிகேடில் இருந்தது. இருபது வருடம் கழித்து அசல் உத்தரில் தியாகராஜின் பிரிகேடோடு நின்றது. ரெஜிமென்ட் அதே ரெஜிமென்ட்தான், பிரிகேட்தான் மாறியது. ரெஜிமென்ட் என்பது குடும்பம், கொடியும் நினைவும் அதற்குத்தான். பிரிகேட் என்பது வேலைக்கு ஏற்றாற்போல் கட்டுகிற கூட்டு. அசல் உத்தரில் டெக்கான் ஹார்ஸை நடத்திய லெப்டினன்ட் கர்னல் அருண் வைத்யா, 1971-ல் பசந்தர் ஆற்றுப் போரில் 16-வது தனிக் கவசப் பிரிகேடின் பிரிகேடியர். அங்கே முதல் வேலை டாங்கிக்காரர்களுடையதல்ல. கண்ணிவெடி வயலில் பாதை திறந்து கொடுத்த பொறியாளர் படையினுடையது.

அப்படியானால் 135 டாங்கிக்குப் பின்னால் என்னதான் வருகிறது? பிஎம்பி கவச வண்டிகளில் ஏறி வரும் இயந்திரக் காலாட்படை, வண்டிக்கு மூன்று ஊழியரும் ஏழு ஜவான்களும். தானே நகரும் பீரங்கிகள். விமானத்தையும் இப்போது டிரோனையும் பார்த்துக்கொள்ளும் வான்காப்புப் பிரிவு. சண்டைக்குப் போகும்போது ரெஜிமென்ட் முழுசாகப் போவது குறைவு. ஒரு டாங்கி ஸ்குவாட்ரனோடு ஒரு காலாட்படைக் கம்பெனியைக் கலந்து அனுப்புவார்கள். அதை எப்படிக் கலப்பது, எப்போது பிரிப்பது என்று பார்ப்பவர் பிரிகேட் மேஜர். டீசல், குண்டு, சோறு எல்லாம் டிக்யூ என்று கூப்பிடப்படும் அதிகாரி தலையில்.

டீசலை மட்டும் பாருங்கள். டி-72-ல் சுமார் 1,200 லிட்டர் பிடிக்கும். 135 வண்டிக்கு ஒரு தடவை நிரப்ப 1,62,000 லிட்டர். நம்மூர் பங்க்குக்கு வருகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதினாலு லோடு. ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டு ரோட்டில் நிறுத்தினால் டாங்கிகளின் வரிசையே ஏழு கிலோமீட்டரைத் தாண்டும், லாரிகள் தனி. இதனால்தான் தூரப் பயணத்துக்கு ரயிலிலும் டிரெய்லரிலும் ஏற்றுகிறார்கள், அறுவடை வண்டிகள் ஆத்தூரிலிருந்து லாரியில் ஏறி வருகிற மாதிரி.

பிறகு பாலம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்து ஆறு. ஒரு பிரிகேட் இந்தப் பாதையில் போனால், 46 டன் டி-90-ஐயோ 68 டன் புதிய அர்ஜுனையோ எந்தப் பாலம் தாங்கும் என்று பொறியாளர்கள் முதலில் பார்க்க வேண்டும். தாங்காத இடத்தில் டாங்கியின் முதுகிலிருந்தே மடக்குப் பாலத்தை விரிப்பார்கள். அது இருபது மீட்டர் சுமாருக்குத்தான், வாய்க்காலுக்கு ஆகும். நம் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்த சர்வத்ரா பாலம் லாரியில் வந்து ஐந்து துண்டாக 75 மீட்டர் வரை போகும். டி-72 மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு ஐந்து மீட்டர் ஆழம் வரை ஆற்றடியில் ஊர்ந்து போகும் என்பது உண்மைதான். ஆனால் அடியில் மண் இறுகியிருக்க வேண்டும், ஏறுகிற கரை சரிவாக இருக்க வேண்டும். மணல் அள்ளிப் பள்ளமான ஆற்றில் அந்தச் சாகசம் நடக்காது. 1971-ல் வங்காள டெல்டாவில் நம் ராணுவம் கனமான கவசப் பிரிகேடை இறக்கவே இல்லை. மிதக்கக்கூடிய 14 டன் பிடி-76 போன்ற லேசான டாங்கிகளை ஸ்குவாட்ரன் ஸ்குவாட்ரனாகக் காலாட்படைக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

கடைசியாக, மருமகனின் முதல் கேள்விக்குப் பதில். மாட்டிய டாங்கியை இழுக்க மீட்பு வண்டி என்றே தனியாக உண்டு. டாங்கியின் உடல், செயின், ஆனால் பீரங்கி இருக்காது. பதிலாகக் கிரேனும், கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சும். ஓட்டுபவர்கள் இ.எம்.இ. என்ற மின்னணு-இயந்திரப் பொறியியல் படையினர். சுடுகிற இடத்துக்கே போய்க் கயிறு மாட்ட வேண்டிய வேலை. காம்ப்ரேயில் மாட்டிய 43 வண்டிகளின் வாரிசுகளுக்காக உருவான ஆட்கள்.

எல்லா நாட்டிலும் இதே கணக்கில்லை. அமெரிக்கப் பிரிகேடில் டாங்கி தொண்ணூறுக்குச் சுற்றுவட்டம், ஆனால் பட்டாலியனுக்குள்ளேயே காலாட்படையைக் கலந்துவிடுகிறார்கள். ரஷ்யாவில் ஒரு டாங்கி பட்டாலியனுக்கு 31. எண்ணிக்கையை மனப்பாடம் செய்யாதே, எதோடு எது சேர்கிறது என்று பார் என்றேன்.

2021 பிப்ரவரி 14-ல் சென்னையில் ஒரு விழா நடந்தது. பிரதமர் மோடி புதிய அர்ஜுன் டாங்கியை ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தார். அதே விழாவில் 2,640 கோடி ரூபாயில் கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார். நம் பக்கத்தில் இரண்டாவது செய்தியைத்தான் படித்தார்கள்; டாங்கிப் படத்தை யாரும் கவனித்த மாதிரி இல்லை.

அதையும் சொல்லி முடித்தபோது செயின் வண்டி கடைசிச் சுற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மருமகன் புதைந்த இடத்துப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நம்ம டெல்டாவுல டாங்கி பிரிகேடு ஓடவே முடியாதா மாமா?"

"ஓடும் மாப்ள. பங்குனி, சித்திரையில வயல் வெடிச்சுக் கிடக்கும்போது தாராளமா ஓடும். ஆனா ஜூன் 12-க்குள்ள கிளம்பிடணும். மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டா எந்தப் பிரிகேடியர் வந்தாலும் வரப்புலதான் நிக்கணும்."